‘போகும்’ என்று சொன்னவர்

இன்று காலை ஆறேகால் இருக்கும். திம்புள்ளப் பக்கத்திலிருக்கும் இந்தத் தோட்டத்துக்கு இரண்டாம் கிளாக்கராக வந்து எனக்கு ஒன்பதாவது நாள். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அதன் வாசலில் நின்று, கொழுந்து லொறி புறப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் ரோட்டில், மூக்கு பள்ளத்தைப் பார்க்க, முன்சக்கரங்களுக்கு இரண்டு கல் முட்டுக்கொடுத்து லொறி நின்றது. டிரைவர் ஏறி உட்கார்ந்து விசிலடித்தார். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் கற்களைப் புரட்டித் தள்ளினார். லொறி சத்தமே இல்லாமல் உருண்டு, வளைவுக்குச் சற்று முன்னால் ஒரு குலுக்குக் குலுக்கி, கரும்புகை கக்கி உயிர்பிடித்தது. டிரைவர் ஜன்னல் வழியாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனார்.

இந்த லொறியைச் சமதளத்தில் நிறுத்தி, சுவிட்சைத் திருகச் சொன்னால் என்ன?

யோசனை அவ்வளவுதான். ஆனால் அது என் சொந்த யோசனை இல்லை. ஏழு வருடத்துக்கு முன்னால், நான் முதலில் வேலை பார்த்த தோட்டத்தில், ஒருவர் அதைத் தினமும் செய்தார். செய்ததற்காகத் தோட்டத்தை விட்டே போனார். இன்று ஞாயிற்றுக்கிழமை இல்லாவிட்டாலும் ஆபீசில் வேலை குறைவு. அவரைப் பற்றி இப்போதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எங்கே இருக்கிறார் என்று தெரியாத மனிதரின் பெயரை அவரைக் கேட்காமல் எழுதுவது சரியாகப் படவில்லை. தோட்டத்திலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே ‘டைவரண்ணே’. அந்தப் பக்கம் திரும்பினால் ‘போகும்’. “போகும் வந்துட்டாரா?” “போகும் சாப்பிடப் போயிருக்காரு.” அவருக்கே அது தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

லொறி டயகமவுக்குப் போகுமா என்று கேட்டாலும் போகும். பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டதாமே என்றாலும் போகும். முப்பது மூட்டை ஏற்ற வேண்டிய இடத்தில் நாற்பது இருக்கிறது என்றாலும், தலையை ஒருபக்கம் சாய்த்து டயர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “போகும்” என்பார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது கதவில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். மாட்டின் முதுகில் தட்டுவதுபோல. அவர் போட்டிருந்தது யாரோ பட்டாளத்துக்காரர் கழித்துக் கட்டிய கோட்டு. முழங்காலுக்குக் கீழே தொங்கும். அதன் பைகளில் கம்பித் துண்டு, தோல் துண்டு, பாதி சவர்க்காரக் கட்டி, சணல் கயிறு எல்லாம் இருக்கும். வெற்றிலை மட்டும் அந்தப் பைகளில் இருக்காது. வாயில் இருக்கும்.

டீசல் டாங்கியில் கீறல் விட்டபோது சவர்க்காரத்தைப் பிசைந்து அப்பி ஒரு மாதம் ஓட்டினார். விசிறிப் பட்டை ரோட்டில் அறுந்தபோது, கொழுந்து ஏற்றிவிட வந்த பெண் ஒருத்தியின் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியிலிருந்து ஒரு கீற்றுக் கிழித்து, முறுக்கி, எண்ணெயில் நனைத்துப் பட்டையாகக் கட்டி, ஆறு மைல் வந்து சேர்ந்தார். அந்தப் பெண்ணுக்குப் புதுப் படங்கு கொடுக்கச் சொல்லி ஸ்டோரில் வந்து நின்றதும் அவர்தான். நான் அப்போது சின்னக் கிளாக்கர். காரணம் என்று எழுத வேண்டிய இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். “லொறி தின்னுருச்சுன்னு எழுதுங்க” என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் பெரிய கிளாக்கர் எழுந்து வந்து பார்த்தார்.

எனக்கு அவர்மேல் பைத்தியம் என்றே சொல்லலாம். நான் அதே தோட்டத்தில் பிறந்தவன். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் குடியிருந்தோம். ஹட்டனில் தங்கி எஸ்.எஸ்.சி. வரை படித்துவிட்டு, லயத்துப் பையன் ஆபீஸ் நாற்காலிக்கு வந்துவிட்டான் என்று ஊர் பேசிய காலம். எதைக் கண்டாலும் அது எப்படி ஓடுகிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது எனக்கு. அவரோ இல்லாததைக் கொண்டே எதையும் ஓட்டிவிடுவார். நாலுபேர் முன்னால் என்னைக் ‘கிளாக்கரய்யா’ என்பார். தனியாக இருந்தால் ‘தம்பி’.

அந்த லொறி எங்கள் தோட்டத்துக்கு வந்த முதல் டீசல் லொறி. பழைய பெற்றோல் லொறியைக் கைப்பிடி போட்டுச் சுழற்றினால் கிளம்பும். டீசல் அப்படியில்லை. எங்கள் உயரத்தில், விடியற்காலைக் குளிரில், என்ஜினுக்குள் முதலில் சூடு வேண்டும். அதற்காக நாலு சிலிண்டரிலும் நாலு ஹீட்டர் பிளக் இருக்கும். விரல் நீளம், நுனியில் ஒரு சுருள் கம்பி. சுவிட்சைப் பாதி திருகிப் பிடித்தால் அந்தச் சுருள்கள் உள்ளே பழுக்கும். அவை பழுக்கின்றன என்று காட்ட, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஓட்டை போட்ட சின்ன மூடிக்குப் பின்னால் இன்னொரு சுருள் இருக்கும். அதுவும் கூடவே சிவக்கும். அவர் அதைக் ‘கண்ணு’ என்பார். கண் சிவந்ததும் சுவிட்சை முழுதாகத் திருகினால் லொறி கிளம்பும். நாள் முழுக்க ஓடும் லொறிக்கு இது காலையில் ஒரே ஒரு தடவைதான் தேவை.

அந்த ஒரு தடவையும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஸ்டோருக்கு மேலே நல்ல சரிவு ஒன்று இருந்தது. சாயங்காலம் லொறியைக் கொண்டுபோய் அங்கே மூக்கைக் கீழே வைத்து நிறுத்தி, இரண்டு கல் வைப்பார். காலையில் கல்லை எடுத்தால் உருளும், கிளட்சை விட்டால் கிளம்பும். மலையில் லொறி ஓட்டும் எல்லோரும் செய்வதுதான். “மலையே நமக்கு பேட்டரி தம்பி. அதுக்கு யாரு தண்ணி ஊத்தணும்?” என்பார்.

கல்லை எடுப்பது பார்வதி. மேற்கணக்கு என்கிற மேல் பிரிவு லயத்திலிருந்து பெரட்டுக்கு இறங்கி வருகிறவள். அவள் வரும் நேரமும் லொறி புறப்படும் நேரமும் ஒன்றாக இருந்ததால் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. வாய் சும்மா இருக்காது அவளுக்கு. “கல்லு எடுத்து எடுத்து நான் இந்த லொறிக்கு கிளீனராயிட்டேன். எனக்கு எப்பண்ணே காக்கிச்சட்டை?” என்பாள். துரையிடம் சொல்லித் தைக்கச் சொல்லியிருக்கிறேன், அளவு எடுக்கத்தான் தையல்காரன் பயப்படுகிறான் என்று அவர் பதில் சொல்வார். அப்போது அவளுக்கு ஆறாம் மாதம்.

ஐப்பசியில் ஒரு மழை நாள், கொழுந்து குறைவு, அவரும் நானும் லொறியின் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தோம். கண் கொஞ்ச நாளாகச் சிவப்பதில்லை, அது அவிந்துவிட்டது போலிருக்கிறது என்று சும்மா சொன்னார். நான் விடவில்லை. லொறியோடு வந்த இங்கிலீஷ் புத்தகம் எண்ணெய்க் காகிதம் கூடப் பிரிக்காமல் ஸ்டோர் அலுமாரியில் கிடந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தேன். நாலு பிளக்கும் அந்தக் கண்ணும் ஒரே வரிசையில் கோத்தவை. கோயில் திருவிழாவுக்குக் கட்டும் சின்ன பல்பு மாலைபோல. ஒன்று செத்தால் எல்லாம் செத்துவிடும்.

“அப்ப எது செத்ததுன்னு எப்பிடித் தெரியும்?”

அதுவும் புத்தகத்தில் இருந்தது. நான் உள்ளே ஏறிச் சுவிட்சைப் பாதி திருகிப் பிடித்துக்கொண்டேன். அவர் மூடியைத் தூக்கி, ஸ்குரூ டிரைவரின் தகட்டை ஒவ்வொரு பிளக்கின் இரண்டு முனைக்கும் குறுக்கே பாலம் போல வைத்தார். முதலாவதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் சின்னதாக ஒரு பொறி பறந்தது. என் முன்னால் கண் மெல்ல, மெல்ல, செக்கச்செவேல் என்று சிவந்தது.

நான் கத்தியே விட்டேன். செத்தது மூன்றாவது. அதைத் தாண்டிப் போக வழி கொடுத்ததும் மற்ற மூன்றும் உயிர்பெற்றுவிட்டன. பிறகுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை எனக்கு வந்தது. ஸ்குரூ டிரைவர் செய்ததை ஒரு செப்புக் கம்பி செய்யாதா? புது பிளக் வரும்வரை அங்கே ஒரு கம்பியைக் கட்டிவிட்டால் என்ன?

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையில் மகிழ்ச்சி இருந்தது. தன் சாதியில் இன்னொருவனைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி. கோட்டுப் பையிலிருந்து கம்பித் துண்டை எடுத்தார்.

“போகும் தம்பி.”

அந்த வாரமே புது பிளக் வேண்டும் என்று எழுதி, பெரிய கிளாக்கரின் மேசையில் வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, “லொறி ஓடுதா?” என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். “பின்னே?” என்றார். ஒரு கோடு கிழித்துத் திருப்பித் தந்தார். நான் அதோடு மறந்துவிட்டேன். அவர் கேட்டது நியாயம் என்றுகூட நினைத்தேன். அதை இங்கே மறைக்கப் போவதில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அந்தப் புத்தகத்தில் அதே பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், இரண்டு வரி இருந்தது. பழுதான பிளக்கைத் தாண்டிக் கம்பி கட்டாதே. மற்றவற்றுக்கு மின்சாரம் மிஞ்சிப்போய் அவையும் எரிந்துவிடும். நான் அதை வாசித்தது தை மாதத்தில். ஐப்பசியில் எனக்கு யோசனை வந்த அவசரம்.

மார்கழிக்குள் இன்னொரு பிளக் எரிந்திருக்கிறது. கண் மறுபடி குருடு. அவருக்கு அது தெரியும். என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? லொறி சரிவில் நின்றது, கல் இருந்தது, கல்லை எடுக்கப் பார்வதி இருந்தாள். நிறைமாதத்தில் அவள் குனிய முடியாமல் போனபோது இரண்டு கல்லையும் சேர்த்து ஒரு கயிறு கட்டிக் கொடுத்தார். அவள் நின்றபடியே இழுப்பாள்.

வேலைக்கு நின்ற கடைசி நாளன்று கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் கேட்டது எனக்கு இப்போதும் கேட்கிறது. பின்னால் பெண்கள் கூட்டமாக நின்றார்கள்.

“டைவரண்ணே, என் நேரம் வர்றப்ப இது போகுமா? இல்ல அப்பவும் நானே எறங்கி வந்து கல்லு இழுக்கணுமா?”

“போகும்மா. நீ ஏறி உக்காந்தா போதும்” என்று கதவில் இரண்டு தட்டுத் தட்டினார்.

தை பிறந்ததும் எங்கள் பக்கம் உறைபனி விழும். விடியும்போது புல் எல்லாம் உப்புத் தூவினதுபோல வெளுத்திருக்கும். அந்த வருடம் கொழும்பிலிருந்து தோட்டத்தைப் பார்வையிட மேல்துரை வருவதாக இருந்தது. அவருக்குக் காட்டுவதற்காக ஸ்டோருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு லொறிக் கொட்டகை கட்டியிருந்தார்கள். சிமெந்துத் தரை, தகரக் கூரை, வெள்ளையடித்த சுவர். ரோட்டை விட இரண்டடி பள்ளம். லொறி இனிமேல் சரிவில் நிற்கக் கூடாது, கழுவிக் கொட்டகைக்குள் நிறுத்த வேண்டும் என்று தோட்ட மானேஜரான பெரிய துரையின் உத்தரவு. சனிக்கிழமை சாயங்காலம் டிரைவர் லொறியைக் கழுவி, துடைத்து, உள்ளே விட்டார். தண்ணீர் மட்டம் வைத்துப் பார்த்த தரை. ஒரு கோலிக்குண்டை வைத்தால் உருளாது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு பார்வதியைக் கம்பளியில் தொட்டில் கட்டிக் கம்பில் தூக்கி வந்தார்கள். விடியுமுன்பே வலி எடுத்திருக்கிறது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தன்னால் முடியாது, உடனே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மருத்துவச்சியம்மா சொல்லிவிட்டார். பதினொரு மைல். அவளுடைய புருஷன் கருப்பையா முன்னால் ஓடிவந்து டிரைவரைக் கூப்பிட்டிருந்தான். நான் சத்தம் கேட்டு ஸ்டோர் குவாட்டர்ஸிலிருந்து போனபோது, அவர் கோட்டு பொத்தான் கூடப் போடாமல் லொறியில் உட்கார்ந்திருந்தார்.

சுவிட்சைப் பாதி திருகினார். கண் சிவக்கவில்லை. முழுதாகத் திருகினார். என்ஜின் முக்கி முக்கிச் சுழன்றது, பிடிக்கவில்லை.

“போகுமாண்ணே?” என்றான் கருப்பையா.

“போகும்.”

எண்ணெய்த் துணியைக் கொளுத்தி, காற்று இழுக்கும் குழாய் வாயில் பிடித்தார். ஒரு தரம் தும்மியது. அவ்வளவுதான். ரேடியேட்டரில் ஊற்றக் கொதிநீர் வேண்டும் என்றார். ஸ்டோர் அடுப்புக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை. அடுப்பு ஆறிக் கிடந்தது. உள்ளே கை வைத்துப் பார்த்தேன், சாம்பலும் குளிர்ந்திருந்தது. திரும்பி வந்தால் பேட்டரி தளர்ந்து, என்ஜின் ஒரு சுற்றுக்கு ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தூக்கி வந்த நாலு பேரும் நானும் கருப்பையாவும் தள்ளினோம். கொட்டகை வாசலின் இரண்டடி ஏற்றத்தில் சக்கரம் ஏறிப் பாதியில் நின்று, திரும்ப உள்ளே உருண்டது. மறுபடி தள்ளினோம். மறுபடி உள்ளே உருண்டது.

பார்வதி தரையில் கம்பளிமேல் கிடந்தாள். அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்தபடி லொறியின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருப்பையா மூன்று தரம் கேட்டான். பக்கத்துத் தோட்டம் இரண்டு மைல். அங்கேயும் ஒரு லொறி உண்டு. குறுக்குப் பாதையில் ஓடினால் அரை மணிநேரத்தில் ஆள் போய்ச் சேரலாம். இதை நான் இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. அவன் ஒவ்வொரு தரம் “போகுமாண்ணே?” என்று கேட்டபோதும் அவர், “போகும், இப்பப் போகும்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் அதை நம்பினார். அவர் அப்படிச் சொல்லிச் சொல்லிப் போகாத நாளே கிடையாது. நாங்களும் நம்பினோம். நம்பி, அந்த லொறியைச் சுற்றியே நின்றுகொண்டிருந்தோம்.

கடைசியில் இரண்டு லயத்து ஆட்களும் வந்து, முப்பது பேர் வடம் கட்டி இழுத்து, லொறியை ரோட்டில் ஏற்றினார்கள். சரிவில் விட்டதும் ஒரே உருளில் கிளம்பியது. எனக்கு அதுதான் இன்றுவரை தாங்கமுடியாதது. அவ்வளவு சுலபமாகக் கிளம்பியது. அதற்குள் வெயில் ஏறிப் புல்லில் பனி கரைந்திருந்தது.

பிள்ளை தங்கவில்லை. ஆண் பிள்ளை. பார்வதியைப் பன்னிரண்டு நாள் கழித்து அதே லொறியில் கூட்டிவந்தார்கள்.

யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. துரை, பெரிய கிளாக்கர், கருப்பையா, ஒருவரும் சொல்லவில்லை. “அவரு என்ன செய்வாரு, பனி” என்றார்கள். திங்கட்கிழமையே பெரிய கிளாக்கர் என்னைக் கூப்பிட்டு, நான் முன்பு எழுதியதையே திரும்ப எழுதித் தரச் சொன்னார். இந்த முறை கோடு கிழிக்கவில்லை. ஐந்தாம் நாள் ஒரு சின்ன அட்டைப் பெட்டியில் நாலு பிளக் வந்தது. என் உள்ளங்கையில் நாலும் அடங்கின.

அதை அவர் மாற்றியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவ்வளவு மெதுவாக அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. பேட்டரி வயரைக் கழற்றினார். பிளக்குகளை இணைக்கும் செப்புத் தகடுகளைக் கழற்றி வரிசையாகச் சாக்கில் வைத்தார். பழைய பிளக்குகளை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தார். மூன்றாவதில் சுருளே இல்லை. முதலாவதில் தீயில் பட்ட மயிர்போல ஒரு கருகல் மட்டும் இருந்தது. நான் கட்டச்சொன்ன செப்புக் கம்பி அப்படியே பளபளவென்று இருந்தது. அதை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

குச்சியில் துணி சுற்றி, கரி உள்ளே விழாமல் நாலு ஓட்டையையும் துடைத்தார். தகடுகளை மணற்தாளால் தேய்த்தார். புது பிளக்கைக் கையாலேயே கடைசி மரைவரை திருகி, பிறகுதான் ஸ்பேனர் போட்டார், அதுவும் கால் சுற்று. லொறி அந்தக் கொட்டகைத் தரையிலேயேதான் நின்றது. சுவிட்சைப் பாதி திருகினார். நான் மனதுக்குள் எண்ணினேன். இருபது எண்ணுவதற்குள் கண் சிவந்தது. முழுதாகத் திருகினார். முதல் சுற்றிலேயே கிளம்பியது.

உடனே நிறுத்திவிட்டார். கொட்டகை வாசலில் குந்தி உட்கார்ந்து என்ஜின் ஆறும்வரை காத்திருந்தார். திரும்ப ஏறிக் கிளப்பினார். நிறுத்தினார். அன்று முழுவதும் அதையே செய்துகொண்டிருந்தார். சாப்பிடப் போகவில்லை.

அதன்பிறகு அவர் சரிவில் லொறியை நிறுத்தியதே இல்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் கொட்டகையில் சுவிட்சைத் திருகிப் பார்த்துவிட்டு, பெரட்டுக் களத்துக்கு நடந்து வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, “இன்னைக்கு லொறி போகும்” என்று சொல்லிவிட்டுத் திரும்புவார். யாரும் கேட்காமலே சொன்னார். முதலில் ஆட்கள் சிரித்தார்கள். பிறகு கங்காணிமார் முகம் சுளித்தார்கள். எனக்கே கூச்சமாக இருந்தது. மூளை கலங்கிவிட்டது என்று பேச்சு. யாராவது வழியில் நிறுத்தி, மத்தியானம் டவுனுக்குப் போகுமா என்று கேட்டால், “காலையில போச்சு. மத்தியானம் பாத்துட்டுச் சொல்றேன்” என்பார். கதவில் தட்டுவதும் நின்றுபோயிற்று.

மாசிக் கடைசியில் பார்வதி வேலைக்கு வந்தாள். கொட்டகையைத் தாண்டிப் போகும்போது நின்றாள். நானும் அங்கே இருந்தேன். அவர் தலை குனிந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

“டைவரண்ணே.”

அவர் நிமிர்ந்தார்.

“அன்னைக்குக் கண்ணு செவக்காதுன்னு ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமா?”

நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். கம்பி என் யோசனை. பொடி எழுத்தைப் பார்க்காமல் விட்டது நான்.

“தெரியும்மா” என்றார் அவர்.

அவள் கூடையைத் தலையில் சரிசெய்துகொண்டு போனாள். அவள் திட்டியிருந்தால் அவருக்கு இலேசாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அவருடைய கை அதன்பிறகும் அதே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.

மேல்துரை தையில் வரவில்லை. அடுத்த வருடம் மார்கழியில்தான் வந்தார். அதற்கு முந்தின நாள் கண் மறுபடி சிவக்கவில்லை. அவர் ஸ்குரூ டிரைவரோடு தனியாகவே பார்த்து இரண்டாவது என்று கண்டுபிடித்தார். நான் எழுதி வைத்தேன். மேல்துரை போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று பெரிய கிளாக்கர் காகிதத்தை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார். அதுவரை மேல் ரோட்டில் வைத்து உருட்டிக்கொள் என்று உத்தரவு. பகலிலேயே முப்பது ஆட்களை விட்டு, லொறியை இழுத்துப் பெரட்டுக் களத்தை ஒட்டிய சரிவில் நிறுத்தி, கல் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் பெரட்டு. இரண்டு துரைமாரும் நிற்கிறார்கள். டிரைவர் வழக்கம்போல நடந்து வந்தார். கோட்டு பொத்தான் எல்லாம் போட்டிருந்தார். சரிவில் நிற்கிறதே, எடுத்து ஓட்டு என்று பெரிய துரை தோட்டத்துத் தமிழில் சொன்னார்.

“போகாதுங்க தொரை.”

அந்தச் சொல்லை அவர் வாயால் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. வேலை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா பதறிப்போய், உருட்டினால் போகும் என்று துரைக்கு இங்கிலீஷில் விளக்கினார். பெரிய துரை திரும்பவும் அவரைப் பார்த்தார்.

“உருட்டுனா ஓடுங்க. அதுக்குப் பேரு போறதில்ல. ஆள் ஏத்துற லொறி இது. நாலு பிளக்கும் நல்லாயிருந்தாத்தான் போகும்னு சொல்லுவேன். இன்னைக்குப் போகாது.”

கையைக் கட்டிக்கொண்டு நின்றார். களத்தில் முந்நூறு பேர் நின்று பார்த்தார்கள். அப்போது ஸ்டோரில் ஒரு கிளீனர் இருந்தான், லைசன்ஸ் வைத்திருந்தவன். அவனை ஏறச் சொன்னார்கள். ஏறி விசிலடித்தான். கல்லுக்குப் பக்கத்தில் நின்றது பார்வதி. கயிறு இன்னும் அதில் கட்டியே கிடந்தது. அவள் குனியவில்லை. பக்கத்தில் நின்றவளும் குனியவில்லை. அவன் இன்னொரு தரம் விசிலடித்தான். கடைசியில் கண்டாக்கு ஐயாவே, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து கல்லை இழுத்தார். லொறி உருண்டு, கிளம்பி, போயே விட்டது.

பத்துச்சீட்டு மூன்றாம் நாள் வந்தது. தோட்டத்தை விட்டுப் போ என்கிற அந்தத் துண்டுக் காகிதத்தை எழுதியது நான்தான். சின்னக் கிளாக்கரின் வேலை அது. ‘சொல் கேளாமை’ என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அவர் ஆபீஸ் ஜன்னலில் வந்து வாங்கிக்கொண்டார். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

“எழுத்து அழகாயிருக்கு தம்பி” என்றார். நாலுபேர் முன்னால் அவர் என்னைத் தம்பி என்றது அந்த ஒரு தடவைதான்.

மனைவியோடும் இரண்டு தகரப் பெட்டியோடும் நடந்தே போனார். லொறியில் கொண்டுபோய் விடுவதாகக் கிளீனர் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டார். மஸ்கெலியாவில் ஒரு கடை லொறியில் கண்டதாக ஒருவர் சொன்னார். சீமைக்கே, கப்பலேறி இந்தியாவுக்கே போய்விட்டதாக இன்னொருவர் சொன்னார். நான் இரண்டு இடத்துக்கும் எழுதிக் கேட்கவில்லை. கேட்டுப் பதில் வந்தால் என்ன எழுதுவது என்ற பயம்.

செப்புக் கம்பி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தோட்டம் மாறும்போதெல்லாம் கூடவே வருகிறது.

இன்று பத்து மணிக்கு இந்தத் தோட்டத்து டிரைவரிடம் போய்ப் பேசினேன். நல்ல மனிதர், எந்நேரமும் சிரிக்கிறவர். சாயங்காலம் லொறியை ஸ்டோர் முன்னாலிருக்கும் சமதளத்தில் நிறுத்த வேண்டும், காலையில் அங்கேயே கிளப்ப வேண்டும் என்றேன். எதற்கு என்றார். கண் சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். கண் என்றால் என்ன என்று அவருக்குப் புரியவில்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் காட்டினேன். அதுவா, அது வந்த நாளிலிருந்தே அப்படித்தான் என்றார்.

“எதுக்குங்கய்யா வீண் வேலை? இது போகும்” என்று கதவில் தட்டினார்.

வற்புறுத்தி ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன். லொறியின் புத்தகத்தைத் தேடி எடுத்து, பொடி எழுத்து உட்பட இரண்டு தரம் வாசித்துவிட்டேன். ஆஸ்பத்திரி இங்கிருந்து ஒன்பது மைல். மேல் லயத்தில் நிறைமாதமாக மூன்று பேர் இருப்பதாக மருத்துவச்சியம்மா சொல்கிறார். பக்கத்துத் தோட்டத்தில் லொறி இருக்கிறதா, அதற்குக் குறுக்குப் பாதை எது என்று கேட்டு, அதையும் எழுதி ஸ்டோர் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

நாளைக் காலை பெரட்டில் துரை நிற்பார். சமதளத்தில் சுவிட்சைத் திருகுவோம். அந்தக் கண் சிவக்காது என்று எனக்கு இப்போதே தெரியும். அப்போது டிரைவர் என்னைப் பார்ப்பார், துரை டிரைவரைப் பார்ப்பார், யாராவது ஒருவர் லொறியைச் சரிவுக்குத் தள்ளலாம் என்பார். அதற்கு முன் களத்துக்கு நடந்துபோய், எல்லோருக்கும் கேட்கும்படி ‘போகாது’ என்கிற அந்த ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். இதுவரை எந்தத் துரையின் முன்னாலும் நான் அதைச் சொன்னதில்லை.

இந்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும்.